18446744073709551615: சதுரங்கப் பலகை எண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி மணி, அடுத்தடுத்த கட்டத்துக்கு அதன் இரட்டிப்பு என்று 64 கட்டத்துக்கும் பரிசு கேட்கும் அரிசிக் கதையில் அரசனைக் கடனாளியாக்கிய எண் இது. சுருக்கமாக எழுதினால் 2⁶⁴ − 1. கணிதப் புதிரில், கணினிப் பிழைச் செய்தியில், தரவுத்தளக் கட்டளையில் என்று சம்பந்தமில்லாத இடங்களில் எல்லாம் தலைகாட்டும். கீழே உள்ள கணக்குகளில் பெரும்பாலானவற்றைத் தாளும் பேனாவும் வைத்தே சரிபார்த்துவிடலாம்.

இதை எப்படி வாசிப்பது?

நம் முறையில் காற்புள்ளி வைத்தால் 1,84,46,74,40,73,70,95,51,615. மொத்தம் 20 இலக்கம். வாசிக்க, வலமிருந்து ஏழேழு இலக்கமாக வெட்டிக்கொள்ளுங்கள்: 184467 | 4407370 | 9551615. முதல் துண்டு கோடி கோடி, அடுத்தது கோடி, கடைசி சாதாரண எண். ஆக, ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து.

கோடிக்கு மேல் பழைய பேரெண் பெயர்களைப் போட்டு வாசிக்க ஆசைப்படுபவர்கள் உண்டு. இணையத்தில் சுற்றும் அந்தப் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கோடி கோடி என்று சொன்னால் யாருக்கும் குழப்பமில்லை.

பலகையில் 64 கட்டம். பிறகு ஏன் 2⁶⁴ இல்லாமல் ஒன்று குறைகிறது?

முதல் கட்டத்தில் 1 மணி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4. அதாவது 2⁰, 2¹, 2² என்று போகிறது; 64ஆவது கட்டத்தில் இருப்பது 2⁶³ = 9223372036854775808. மொத்தத்தைக் கூட்ட, பத்தாம் வகுப்புப் பெருக்குத் தொடர் சூத்திரம்கூட வேண்டாம். முதல் கட்டத்துக்கு முன்னால் இன்னொரு மணியைக் கடன் வாங்கி வையுங்கள். 1 + 1 = 2, அதோடு இரண்டாவது கட்டத்தின் 2 சேர்ந்தால் 4, அதோடு மூன்றாவதன் 4 சேர்ந்தால் 8. இப்படியே போனால் 64ஆவது கட்டம் முடியும்போது சரியாக 2⁶⁴ வரும். கடன் வாங்கிய ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் 2⁶⁴ − 1.

அடிக்கடி நேரும் தவறு, கடைசிக் கட்டத்தில் மட்டும் உள்ளதையே மொத்தம் என்று சொல்வது. கடைசிக் கட்டம் தனக்கு முந்தைய 63 கட்டங்களின் கூட்டுத்தொகையைவிட ஒரே ஒரு மணி அதிகம், மொத்தத்தில் பாதிதான்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது?

13ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் இதை எழுதிவைத்திருக்கிறார். கேரளத்தின் அம்பலப்புழையில், கண்ணன் முனிவர் வேடத்தில் வந்து அரசனோடு சதுரங்கம் ஆடி அரிசி கேட்டதாகவும், அந்தக் கடனுக்காகவே அங்கே பால் பாயசம் படைக்கப்படுவதாகவும் தலபுராணம் சொல்கிறது.

அவ்வளவு அரிசி எவ்வளவு எடை இருக்கும்?

ஆயிரம் அரிசி 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பலகையின் முதல் பாதி, அதாவது 32 கட்டம், 4294967295 மணி. அது 85.9 டன், 25 கிலோ மூட்டையாகக் கட்டினால் 3,436 மூட்டை. ஒரு நல்ல ஆலைக்காரர் கொடுத்துவிடக்கூடிய அளவுதான். முழுப் பலகைக்கு 36,893 கோடி டன். உலகம் முழுவதும் ஆண்டுக்கு விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல் என்பதால், ஏறக்குறைய 700 ஆண்டு விளைச்சல் முழுவதையும் கொட்ட வேண்டும். அரசன் பாதிப் பலகை வரை சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பான்.

கால்குலேட்டர் இல்லாமல் கணக்கிட முடியுமா?

முடியும். 64 முறை இரட்டிக்க வேண்டாம். வர்க்கம் எடுத்துக்கொண்டே போனால் போதும். 2⁸ = 256. அதன் வர்க்கம் 65536 (2¹⁶). அதன் வர்க்கம் 4294967296 (2³²). இன்னும் ஒரே ஒரு வர்க்கம் பாக்கி. அதற்கு எண்ணை 42949 | 67296 என்று ஐந்தைந்து இலக்கமாக உடையுங்கள்.

42949² = 1844616601
67296² = 4528751616
2 × 42949 × 67296 = 5780591808

முதல் விடைக்குப் பின்னால் பத்துப் பூச்சியம், மூன்றாவது விடைக்குப் பின்னால் ஐந்து பூச்சியம், இரண்டாவது விடை அப்படியே. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினால்:

18446166010000000000
578059180800000
4528751616
= 18446744073709551616

ஒன்றைக் கழித்தால் நம் எண். தப்பு நேர்வது பெரும்பாலும் பூச்சிய எண்ணிக்கையில்தான். வலது ஓரத்தை நேர்கோட்டில் வைத்து எழுதினால் அந்தத் தொல்லை இருக்காது.

எழுதிய எண் சரியா என்று விரைவாகச் சோதிக்க வழி உண்டா?

இரண்டு சோதனை போதும். இலக்கங்களைக் கூட்டினால் 87 வர வேண்டும். 9ஆல் வகுத்தால் மீதி 6. ஆனால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் (எண்ணைப் பார்த்து எழுதும்போது நடப்பதே அதுதான்) இந்தச் சோதனை கண்டுபிடிக்காது. அதற்கு 11ஆல் வகுக்கும் சோதனை: வலமிருந்து 1, 3, 5ஆவது என்று ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 62, மற்றவற்றைக் கூட்டினால் 25. வித்தியாசம் 37, 11ஆல் வகுத்தால் மீதி 4.

இந்த 6-உம் 4-உம் சரிதான் என்று எப்படித் தெரியும்? 2⁶-ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1. 64-இல் 6-இன் மடங்கு 60 போக மிச்சம் 4. எனவே 2⁶⁴ தரும் மீதியும் 2⁴ = 16 தரும் மீதியும் ஒன்றே. ஒன்று குறைத்தால் 15. 9ஆல் வகுக்க மீதி 6. அதேபோல் 2¹⁰-ஐ 11ஆல் வகுத்தால் மீதி 1. 64-இல் 60 போக மறுபடியும் 4. 15-ஐ 11ஆல் வகுக்க மீதி 4. எண்ணையே பார்க்காமல் மீதியைச் சொல்லிவிடலாம்.

இது பகா எண்ணா?

இல்லை. 5-இல் முடிவதைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அதோடு விட்டுவிட்டால் இந்த எண்ணின் அழகே போய்விடும். வர்க்கங்களின் வித்தியாசத்தை அடுத்தடுத்துப் பிரயோகியுங்கள்:

2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1)
2³² − 1 = (2¹⁶ + 1)(2¹⁶ − 1)
2¹⁶ − 1 = (2⁸ + 1)(2⁸ − 1)

இப்படியே கீழே இறங்கினால் கிடைப்பது 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. இந்த ஆறும் ஃபெர்மா எண்கள். 2-இன் அடுக்கில் 1, 2, 4, 8, 16, 32 போட்டு ஒன்றைக் கூட்டியவை. முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் பகா எண்தான் என்று ஃபெர்மா 17ஆம் நூற்றாண்டில் நம்பினார். 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். எனவே முழு விடை:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகாக் காரணிகள், எதுவும் இரண்டு முறை வரவில்லை.

641 வகுக்கும் என்பதை நீள்வகுத்தல் செய்யாமல் காட்ட முடியுமா?

641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 640 + 1 = 5 × 2⁷ + 1; 625 + 16 = 5⁴ + 2⁴. இது தற்செயல்தான், ஆனால் வேலையை முடித்துவிடுகிறது. மட்டு 641-இல், அதாவது 641ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் (≡ என்பது ‘ஒரே மீதி’ என்ற குறி) பார்த்தால் முதலாவது 5 × 2⁷ ≡ −1 என்கிறது. இருபுறமும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ ≡ 1. இரண்டாவது 5⁴ ≡ −2⁴ என்கிறது. அதை இங்கே பதிலிட்டால் −2³² ≡ 1. அதாவது 2³² + 1-ஐ 641 மீதியின்றி வகுக்கும்.

சரி, 641-ஐ முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தார்களா?

தேவைப்படவில்லை. ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுத்தால், அந்த மட்டில் 2³² ≡ −1, எனவே 2⁶⁴ ≡ 1. 2-இன் அடுக்கு முதன்முறையாக 1-ஐத் தொடும் இடம் 64 என்றாகிறது. அப்படியானால் அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 64-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் கிடைத்துவிடுகிறது.

பின்னாளில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா இதை 128-இன் மடங்கு என்று இறுக்கினார். அப்படிப் பார்த்தால் 257-க்கு அடுத்த ஆளே 641.

6700417 பகா எண் என்பதற்கு என்ன உறுதி?

அதே சல்லடையைப் பயன்படுத்துங்கள். 6700417-இன் எந்தப் பகாக் காரணியும் 2³² + 1-இன் காரணியும்கூட. ஆகவே 128-இன் மடங்கு + 1 வடிவில்தான் இருக்க முடியும். அதன் வர்க்கமூலம் 2588-க்கும் 2589-க்கும் இடையில். 2588 வரை அந்த வடிவில் உள்ள எண்கள் 20. அவற்றில் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 என்ற ஐந்து மட்டுமே. வகுத்துப் பார்த்தால் மீதி முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் பூச்சியமில்லை. ஐந்து வகுத்தலில் ஓர் ஏழிலக்க எண் பகா எண் என்று நிரூபணமாகிவிட்டது. இந்த வடிவக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் 2588 வரையிலான பகா எண்கள் அத்தனையையும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

வகுஎண்கள் எத்தனை? இது நிறைவெண்ணா?

ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள். ஒவ்வொன்றையும் சேர்க்கலாம், விடலாம். எனவே 2⁷ = 128 வகுஎண்கள். கூட்டுத்தொகை ஒவ்வொரு காரணியோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வரும்: 4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418 = 31421980989189888768. தன்னை நீக்கினால் 12975236915480337153. இது எண்ணுக்குச் சமமாக இருந்தால்தான் நிறைவெண். இங்கே எண்ணைவிடக் குறைவு, ஆகவே குறைவெண், நிறைவெண் அல்ல.

இதோடு பொதுக் காரணி இல்லாத சிறிய எண்கள் எத்தனை என்ற ஆய்லர் சார்பின் விடை 9208981628670443520. மொத்தத்தில் பாதிக்கு மயிரிழை குறைவு, 49.92 விழுக்காடு. 2³² − 1-க்குப் பார்த்தால் அந்த விடை துல்லியமாக 2³¹. அந்த ஒழுங்கைக் கெடுப்பது 641 ஒன்றுதான் என்றே சொல்லலாம்.

முழு வர்க்கமா? வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

முழு வர்க்கம் அல்ல. 4ஆல் வகுத்தால் மீதி 3. எந்த வர்க்கமும் அப்படி மீதி தராது. இரண்டு வர்க்கங்களின் கூட்டலும் அதே காரணத்தால் முடியாது. மூன்று? 8ஆல் வகுத்தால் நம் எண்ணின் மீதி 7. வர்க்கங்கள் 8ஆல் வகுபடும்போது தரும் மீதிகள் 0, 1, 4 மட்டுமே. மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 வராது. நான்கு வர்க்கம் எந்த முழு எண்ணுக்கும் போதும் என்பது லக்ராஞ்சு 1770-இல் நிரூபித்தது. இதோ ஒன்று:

4294967295² + 92681² + 355² + 202²

முதல் வர்க்கத்தை முடிந்தவரை பெரிதாக எடுத்தால் 8589934590 மிஞ்சுகிறது. அதிலிருந்து 92681²-ஐ எடுத்தால் 166829. அது 13 × 41 × 313. மூன்று காரணியும் 4ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை என்பதால் அதை இரண்டு வர்க்கமாக உடைக்க முடிந்தது. வேறு விடைகளும் உண்டு.

இத்தனை பக்கம் உள்ள ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் வைத்து வரையலாமா?

முடியாது. ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கை, வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் மட்டுமே வரைய முடியும். போதும் என்ற பக்கம் காஸுடையது, வேறு வழியில்லை என்ற பக்கம் 1837-இல் வான்ட்செல் நிரூபித்தது. 641 ஃபெர்மா பகா எண் அல்ல, அங்கேயே கதை முடிந்தது. ஆனால் 2³² − 1 = 4294967295 பக்கம் கொண்டதை, கொள்கை அளவில், வரையலாம். வரையலாம் என்று இன்று தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் பெரியது அதுவே. அதன் 32 வகுஎண்களில் 1-ஐ நீக்கினால் மீதி 31-உம்தான் மொத்தப் பட்டியல்.

ஹனோய் கோபுரப் புதிரிலும் இதே எண் வருகிறதே?

1883-இல் லூக்கா வெளியிட்ட புதிர். ஒரு கம்பத்தில் பெரியதன்மேல் சிறியதாக அடுக்கிய தட்டுகளை, மூன்று கம்பங்களைப் பயன்படுத்தி, ஒரு முறைக்கு ஒரு தட்டாக, சிறியதன்மேல் பெரியதை வைக்காமல் இன்னொரு கம்பத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு தட்டைக் கூடுதலாக்கினால், மேலே உள்ளவற்றை நகர்த்தி, அடித்தட்டை நகர்த்தி, மறுபடி மேலுள்ளவற்றை நகர்த்த வேண்டும்: இரட்டிப்பு, கூட்டல் ஒன்று. எனவே 64 தட்டுக்கு 2⁶⁴ − 1 நகர்த்தல். நொடிக்கு ஒன்று வீதம் சுமார் 58,500 கோடி ஆண்டு.

சர்வர் லாகில் 18446744073709551615 என்று வருகிறது. என்ன அர்த்தம்?

பெரும்பாலும் அது −1. 64 பிட்டும் 1 ஆக இருக்கும் நிலையை, குறியுள்ள எண்ணாகப் படித்தால் −1, குறியில்லாத (அன்சைன்ட்) எண்ணாகப் படித்தால் இந்த எண். பூச்சியத்திலிருந்து ஒன்றைக் கழித்திருப்பார்கள், அல்லது ‘கிடைக்கவில்லை’ என்று திரும்பிய −1-ஐ அன்சைன்ட் மாறியில் போட்டிருப்பார்கள். சி ப்ளஸ் ப்ளஸ் சரத்தில் தேடிய எழுத்து இல்லாவிட்டால் வரும் என்போஸ் மதிப்பும் 64 பிட் கணினியில் இதுவே.

இதை ஒட்டிய எண் வந்தால் 18446744073709551616-இலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். உதாரணமாக 18446744073709550592 என்றால் வித்தியாசம் 1024. உண்மையில் அங்கே இருந்தது −1024. வட்டில் பயன்பட்ட இடம் கோடி கோடி பைட் என்று காட்டினால் வட்டைச் சந்தேகிக்க வேண்டாம், கழித்தலைச் சந்தேகியுங்கள். அன்சைன்ட் எண்ணியை வைத்து ‘பூச்சியத்துக்குக் குறையாதவரை’ என்று கீழ்நோக்கி ஓடும் சுழற்சி நிற்கவே நிற்காததற்கும் இதுதான் காரணம்: பூச்சியத்துக்கு அடுத்து அது இந்த உச்சிக்குத் தாவிவிடும்.

எக்செல்லில் தட்டினால் கடைசி இலக்கங்கள் மாறிவிடுகின்றன. ஏன்?

எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். எண்ணை அப்படியே தட்டினால் 18446744073709500000 ஆகும். சூத்திரமாக 2^64-1 என்று கொடுத்தால் கடைசி இலக்கம் முழுமையாக்கப்பட்டு 18446744073709600000 என்று காட்டும். ஜாவாஸ்கிரிப்டில் 18446744073709552000. மூன்று இடத்தில் மூன்று விடை, மூன்றும் தப்பு.

அடியில் இருப்பது ஒரே காரணம். இவை பயன்படுத்தும் 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் மதிப்புக்கு 53 பிட் அளவே துல்லியம். 9007199254740992-க்கு மேல் எல்லா முழு எண்களையும் அதில் வைக்க முடியாது. நம் எண்ணின் பக்கத்தில் வைக்க முடிந்தவை 18446744073709549568, அடுத்து நேரே 18446744073709551616. நடுவில் 2048 இடைவெளி. ஆகவே 2⁶⁴ − 1 சத்தமில்லாமல் 2⁶⁴ ஆகிவிடுகிறது.

முழுதாக வேண்டுமானால் பைத்தானில் 2**64-1 என்று தட்டுங்கள். அங்கே முழு எண்ணுக்கு இலக்க வரம்பு இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் பிக்இன்ட். எக்செல்லில் கணக்குப் போடாமல் எண்ணை வைத்திருக்க மட்டும் வேண்டுமென்றால், கட்டத்தை முதலில் ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட்டுப் பிறகு தட்டுங்கள். தட்டிய பின் மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. நிரல்கள் தரவைப் பரிமாறும் ஜேசான் வடிவத்தில் பெரிய அடையாள எண்களை அனுப்பும்போதும் மேற்கோள் குறிக்குள் சரமாக அனுப்புவதே பாதுகாப்பு.

வரம்பைச் சோதித்த பிறகும் மிதவை எண்ணை முழு எண்ணாக மாற்றும்போது பிழை வருகிறது. எங்கே ஓட்டை?

ஒரு மிதவை எண், அன்சைன்ட் 64 பிட்டுக்குள் அடங்குமா என்று பார்க்க ‘உச்ச மதிப்புக்குக் குறைவு அல்லது சமம்’ என்று எழுதியிருப்பீர்கள். அந்த ஒப்பீட்டில் உச்ச மதிப்பே மிதவை எண்ணாக மாறி 2⁶⁴ ஆகிவிடும். எனவே 2⁶⁴ என்ற மதிப்பு சோதனையைத் தாண்டிவிடும், ஆனால் 64 பிட்டில் அடங்காது. சி மொழியில் அந்த மாற்றத்தின் விளைவுக்கு வரையறை கிடையாது. ‘2⁶⁴-ஐவிடக் கண்டிப்பாகக் குறைவு’ என்று எழுதினால் சரியாகிவிடும்.

தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் கட்டளையில் இந்த எண்ணை ஏன் போடுகிறார்கள்?

‘95 வரிசையைத் தாண்டி, அதன்பின் உள்ள எல்லாவற்றையும் கொடு’ என்று சொல்ல அங்கே நேர்வழி இல்லை. லிமிட்டில் எத்தனை வரிசை என்று ஓர் எண் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் லிமிட் 95,18446744073709551615 என்று, ஏதாவது ஒரு பெரிய எண்ணைக் கொடுக்கும்படி அதன் கையேடே சொல்கிறது. ஓர் இலக்கம் விட்டுப்போனாலும் கட்டளை ஓடத்தான் செய்யும், அவ்வளவு வரிசை எந்த அட்டவணையிலும் இருக்காது.